ரசம் போன கதை: கண்ணாடி சுவருக்குள் புகுந்த வரலாறு



"ரசம் போன கண்ணாடி" என்று நம் வீடுகளில் சொல்வோம் இல்லையா? முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரம் கறுத்துப்போய், நடுவில் புள்ளி புள்ளியாக வந்துவிட்டால் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோருக்கும் வாயில் வருவது இந்தச் சொல்தான். இது என்ன ரசம்? சாப்பாட்டு ரசம் இல்லை, பாதரசம். ஆனால் இன்று கடையில் விற்கும் எந்தக் கண்ணாடியிலும் ஒரு சொட்டு பாதரசம்கூட கிடையாது. அந்தத் தொழில் முறை ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒற்றர்கள், ஒரு மகாராஜாவின் வீம்பு, சந்தேக மரணங்கள், கை நடுங்கிச் செத்த தொழிலாளர்கள் என்று பெரிய கதையே இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு சின்ன விஷயம். இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளில் குளியலறைச் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டி, நடுவில் ஒரு ஆள் உயரக் கண்ணாடியை டைல்ஸோடு ஒரே மட்டமாகப் பதிக்கிறார்கள். விரலால் தடவினால் டைல்ஸ் எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே தொடங்கியது என்று தெரியக்கூடாது. ஆணி இல்லை, சட்டம் இல்லை, தொங்கவிடும் கயிறு இல்லை. பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் கண்ணாடி இப்படிச் சுவரில் தொங்குவதை விட்டுவிட்டுச் சுவருக்குள்ளேயே போய் உட்கார மனிதனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் பிடித்தது.

முதலில் வெனிஸ். அங்கே கண்ணாடி உலைகளை எல்லாம் 1291இல் நகரத்தை விட்டு முரானோ என்ற தீவுக்கு மாற்றினார்கள். நெருப்புப் பயம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் ஒரு தீவுக்குள் எல்லாக் கண்ணாடிக்காரர்களையும் வைத்துவிட்டால் தொழில் ரகசியம் வெளியே போகாமல் காவல் காப்பது சுலபம் என்பதும் உண்மைதான். 1507இல் முரானோவின் டால் காலோ சகோதரர்கள், நல்ல தெளிந்த கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்யும் வித்தை எங்களுக்குத் தெரியும், தனி உரிமை கொடுங்கள் என்று அரசிடம் விண்ணப்பம் போட்டார்கள். அதற்கு அப்புறம் நூற்றைம்பது வருடம் ஐரோப்பாவில் கண்ணாடி என்றால் வெனிஸ்தான்.

அவர்கள் எப்படிச் செய்தார்கள்? உருகிய கண்ணாடியைக் குழாயின் முனையில் எடுத்து வாயால் ஊதி, நீளமான உருளையாக்கி, அதை நெடுக வெட்டி, சூடு குறையும் முன் பலகைபோல விரித்து, அப்புறம் மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்குவார்கள். ஒரு மனிதனின் நுரையீரலுக்கு எவ்வளவு பலமோ, கைக்கு எவ்வளவு எடை தாங்குமோ அவ்வளவுதான் கண்ணாடியின் அளவு! அதனால் கண்ணாடி சின்னதாக இருந்தது, விலை மட்டும் பெரிதாக இருந்தது. சின்னதும் விலை உயர்ந்ததுமான பொருளை என்ன செய்வோம்? அழகான சட்டம் போட்டு, ஓவியம் மாதிரி சுவரில் மாட்டுவோம். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். சுவர் வேறு, கண்ணாடி வேறு.

இந்தப் பிரிவை உடைத்தது பதினான்காம் லூயி என்ற பிரான்ஸ் மன்னனின் ஆடம்பரமும், அவருடைய நிதி அமைச்சர் கோல்பேரின் கணக்குப் புத்தியும். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் கண்ணாடி மேல் அப்படி ஒரு மோகம். பணம் எல்லாம் வெனிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோல்பேர் யோசித்தார். வாங்குவதற்குப் பதில் செய்பவனையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால்? வெனிஸில் இருந்த பிரெஞ்சுத் தூதர் மூலம் ரகசியமாக ஆள் பிடித்தார்கள். வெனிஸ் சட்டப்படி, தொழில் ரகசியத்தோடு வெளிநாடு ஓடும் கண்ணாடிக்காரனின் உறவினர்களைச் சிறையில் போடலாம். அப்படியிருந்தும் சில தொழிலாளர்கள் பெரும் பண ஆசையில் எல்லை தாண்டிப் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். 1665இல் அரசரின் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. 1666இல் மன்னரே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெனிஸ் சும்மா இருக்குமா? பாரிஸில் இருந்த வெனிஸ் தூதர் அந்தத் தொழிலாளர்களைத் திரும்பி வரும்படி கெஞ்சினார், மிரட்டினார். 1667 தொடக்கத்தில் அவர்களில் திறமையான ஒருவர் சில நாள் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த சில வாரங்களில் மெருகு போடும் இன்னொருவர் வயிற்று வலியில் துடித்து இறந்தார். விஷம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. நிரூபணம் ஒன்றும் இல்லை. ஆனால் மிச்சம் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. அதே வருடம் அவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிட்டார்கள். (இதை வைத்து இன்னும் ஏன் யாரும் நல்ல படம் எடுக்கவில்லை என்று தெரியவில்லை!) ஆனால் அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கற்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கற்றுவிட்டார்கள். 1672இல் வெனிஸ் கண்ணாடியை இறக்குமதி செய்யவே பிரான்ஸ் தடை போட்டது.

இப்போது வெர்சாய் அரண்மனைக்கு வருவோம். 1678இல் தொடங்கி 1684இல் முடிந்த கண்ணாடி மண்டபம். கட்டடக் கலைஞர் ஹர்துவான் மான்சார், மேற்கூரை ஓவியங்கள் லெ பிரன். 73 மீட்டர் நீளம், பத்தரை மீட்டர் அகலம். ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த 17 பெரிய ஜன்னல்கள். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் அதே வடிவில், அதே அளவில் 17 வளைவுகள். ஆனால் அவற்றில் ஜன்னல் இல்லை, கண்ணாடி. ஒவ்வொரு வளைவிலும் 21 கண்ணாடிகள். மொத்தம் 357.

ஏன் 21 துண்டு, ஒன்றே ஒன்று பெரிதாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஊதிச் செய்த கண்ணாடியில் அவ்வளவு பெரியது கிடையாது. அதனால் சின்னக் கண்ணாடிகளை வரிசையாக அடுக்கி, இணையும் இடத்தை மெல்லிய பொன்முலாம் பூசிய உலோகப் பட்டையால் மூடினார்கள். நம் டைல்ஸ்காரர் இரண்டு டைல்ஸ் நடுவே கோடு விட்டுப் பூச்சு பூசுகிறாரே, கிட்டத்தட்ட அதே வேலை! கண்ணாடியையே டைல்ஸ் மாதிரி பதித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். எதிரே ஜன்னலிலும் அதே மாதிரி கட்டம் கட்டமாகச் சட்டம் இருந்ததால் இந்தக் கோடுகள் குறையாகத் தெரியவில்லை. கண்ணாடியும் ஒரு ஜன்னல் மாதிரியே தெரிந்தது. கைக்கு முடியாத ஒன்றை அழகாக மாற்றிக்காட்டிய சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலம் மேற்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து எதிர்ச் சுவரில் பட்டால், சுவர் இருக்கும் இடத்தில் இன்னொரு தோட்டம். கண்ணாடி அங்கே அலங்காரப் பொருளாக இல்லை, சுவராகவே மாறிவிட்டது.

இதே மண்டபத்தில்தான் 1871 ஜனவரி 18இல் ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். பிரான்ஸ் தோற்றுக்கிடந்த நேரம், அவமானப்படுத்தவே அந்த இடம். 1919 ஜூன் 28இல் அதே மண்டபத்தில் ஜெர்மனியை உட்காரவைத்து வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கண்ணாடிகள் இரண்டையும் பார்த்தன!

வெர்சாய் முடிந்த சில வருடங்களிலேயே பெர்னார் பெரோ என்பவரும், லூக்கா தெ நெஹூ என்பவரும் கண்ணாடியை ஊதாமல், உலோக மேசை மேல் உருகிய நிலையில் ஊற்றி உருளையால் தேய்த்துப் பரப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1690களில் இந்தத் தொழில் பிகார்டியில் சான் கோபான் என்ற கிராமத்துக்குப் போனது. இப்போது நுரையீரல் கணக்கு இல்லை, மேசை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடி. உடனே ஒரு புது மோஸ்தர் கிளம்பியது. ராபர் தெ கோத் என்ற கட்டடக் கலைஞர் கணப்பு அடுப்புக்கு மேலே சுவரின் மரப் பலகை வேலைப்பாட்டுக்குள்ளேயே பெரிய கண்ணாடியைப் பதிக்க ஆரம்பித்தார். இதில் ஒரு நுணுக்கம். கண்ணாடியை நேராகச் சுவர் மேல் ஒட்டவில்லை. சுவரில் ஈரம் இருக்கும், ஈரம் பின்பூச்சைத் தின்றுவிடும். அதனால் பின்னால் கட்டம் கட்டமாக இழைத்த ஒரு மரப் பலகையை வைத்து, அதில் கண்ணாடியை உட்காரவைத்து, சுற்றிலும் சட்டத்தைச் சுவர்ப் பலகையோடு மட்டமாக முடித்தார்கள். பார்ப்பவருக்கு அந்தப் பலகை தெரியவே தெரியாது. இன்று நம் ஊரில் கண்ணாடிக்குப் பின்னால் பிளைவுட் கொடுக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

(இடையில் ஒன்று. கண்ணாடியைச் சுவருக்குள் பதிப்பது ஐரோப்பாவின் தனிச் சொத்து இல்லை. லாகூர் கோட்டையில் ஷாஜஹான் காலத்து ஷீஷ் மஹாலையும், ஜெய்ப்பூர் பக்கத்தில் ஆம்பர் கோட்டை ஷீஷ் மஹாலையும் பாருங்கள். அங்கே பெரிய கண்ணாடிக்கு யாரும் ஆசைப்படவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளைச் சுண்ணச் சாந்துக்குள் அழுத்தி வைத்தார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் ஆயிரம் விளக்கு. முகம் பார்க்க உதவாது, ஆனால் யார் முகம் பார்க்கக் கேட்டார்கள்! மாறாக நம் செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி சட்டத்தோடு சுவரில் தொங்கும். பளபளவென்று தேய்த்த சாந்துச் சுவர் ஒரு அழகு, மாட்டிய கண்ணாடி வேறு ஒரு அழகு, இரண்டும் கலக்காது.)

இனி ரசத்துக்கு வருவோம். இதுதான் நான் உண்மையில் எழுத நினைத்த பகுதி.

வெர்சாய் கண்ணாடிகளின் பின்பூச்சு எப்படிப் போட்டார்கள் தெரியுமா? மட்டமான கல் மேசை மேல் தகரத்தை, அதாவது வெள்ளீயத்தை, காகிதம்போல் மெல்லிய தாளாக விரிப்பார்கள். அதன் மேல் பாதரசத்தைத் தேய்த்து, பின் குளம்போல ஊற்றுவார்கள். சுத்தம் செய்த கண்ணாடியை ஓரத்திலிருந்து மெல்ல அதன் மேல் தள்ளுவார்கள், ஒரு காற்றுக் குமிழி அகப்படக்கூடாது. மேலே எடைகளை வைத்து, மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, மிஞ்சிய பாதரசம் வடியும்வரை நாள்கணக்கில், வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வெள்ளீயமும் பாதரசமும் கலந்த ஒரு கலவை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். லேசாக நீலம் ஓடிய, அமைதியான ஒரு பிரதிபலிப்பு கிடைக்கும். அழகுதான். ஆனால் அந்த அறையில் காலை முதல் மாலை வரை நின்றவன் சுவாசித்தது பாதரச ஆவி.

1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸினி, தொழில் வாரியாகத் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் துறைக்கே அதுதான் அடிப்படை நூல். அதில் வெனிஸின் கண்ணாடித் தொழிலாளர்களும் வருகிறார்கள். பக்கவாதம், மூச்சு இரைப்பு என்று அவர்கள் படும் பாட்டைச் சொல்லும்போது, தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் துன்பத்தைப் பார்க்க வேண்டிய விதி அவர்களுக்கு என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு எனக்கு வெர்சாய்ப் படங்களைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலின் பெரிய மையம் ஜெர்மனியில் ஃபூர்த் என்ற ஊர். பக்கத்திலே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த குஸ்மவுல் என்ற மருத்துவர் அங்குள்ள கண்ணாடித் தொழிலாளர்களை வருடக்கணக்கில் கவனித்து 1861இல் ஒரு நூல் வெளியிட்டார். வாய்ப்புண், பல் ஆடி விழுவது, கை நடுக்கம். கையெழுத்துப் போட முடியாது, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இதையெல்லாம்விட வினோதமான ஒன்று உண்டு. பாதரசம் ஏறியவர்களுக்கு ஒருவிதக் கூச்சம் வந்துவிடும். யாராவது உற்றுப் பார்த்தால் தாங்காது, பதறிப்போவார்கள், சட்டென்று கோபம் வரும், பழகிய வேலையும் தடுமாறும். யோசித்துப் பாருங்கள். ஊரார் எல்லாம் தங்களைத் தாங்களே பார்த்து ரசிக்கக் கண்ணாடி செய்துகொடுத்தவனுக்கு, மற்றவர் பார்வை பட்டாலே பயம். மான்சாருக்கும் லெ பிரனுக்கும் பெயர் இருக்கிறது. மேசையைச் சாய்த்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கொடுமைக்கு மாற்று வந்தது வேதியியலில் இருந்து. பிளஸ் டூவில் டாலன்ஸ் சோதனை செய்திருப்போமே, சோதனைக் குழாயின் உள்பக்கம் பளபளவென்று வெள்ளி படியும். அதேதான்! 1835இல் யூஸ்டஸ் லீபிக், ஆல்டிஹைடு சேர்ந்தால் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இருந்து வெள்ளி கண்ணாடியில் படிவதைக் கவனித்தார். 1850களில் தொலைநோக்கிக்கு ஆடி வேண்டும் என்ற தேவை வந்தபோது அதைச் செம்மைப்படுத்தினார். பாதரசம் வேண்டாம், நோய் வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். உலகமே கொண்டாடியிருக்க வேண்டும் இல்லையா? வாங்குவோர் முகம் சுளித்தார்கள். வெள்ளிக் கண்ணாடியில் முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறதாம்! பழைய ரசக் கண்ணாடியின் நீல வெளுப்புக்குப் பழகிய கண்கள். தொழிலாளியின் பல்லும் கையும் போவதைவிடத் தன் முகத்தின் நிறம் பெரிதாகப் போய்விட்டது. நூற்றாண்டின் கடைசியில் விலையும், தொழிலாளர் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்து நெருக்கிய பிறகுதான் பாதரசம் மெல்ல விடைபெற்றது. வெர்சாயில் 2004 முதல் 2007 வரை பழுதுபார்த்தபோது, கெட்டுப்போன கண்ணாடிகளுக்கு மாற்றாகப் புதிதாகச் செய்யாமல் பழைய ரசக் கண்ணாடிகளையே தேடிப் பிடித்து வைத்தார்கள். புதிதாகச் செய்ய இன்று யார் சம்மதிப்பார்கள்?

கடைசித் தடை, மட்டம். ஊற்றிய கண்ணாடியை இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றினால்தான் முகம் கோணாமல் தெரியும். அந்தச் செலவு இருந்தவரை ஆள் உயரக் கண்ணாடி பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் ஒரு யோசனையைப் பிடித்தார். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டால்? வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், கண்ணாடியைவிடக் கனம் அதிகம். மேலே மிதக்கும் கண்ணாடி தானாகவே இரண்டு பக்கமும் மட்டமாகிவிடும். ஏழு வருடம் போராடி 1959இல் உலகுக்கு அறிவித்தார்கள். பாருங்கள், முந்நூறு வருடத்துக்கு முன் கண்ணாடியின் முதுகில் தாளாக இருந்த அதே வெள்ளீயம், இப்போது கண்ணாடிக்கே படுக்கையாகிவிட்டது. அந்தச் சான் கோபான் கிராமத்தின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான் 2000ஆம் ஆண்டில் நம் ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. லூயி மன்னரின் தொழிற்சாலைக்கு நம் ஊரில் பேரப்பிள்ளை!

இப்படிக் கண்ணாடி பெரிதாகி, மட்டமாகி, மலிவாகி, விஷமும் நீங்கிய பிறகுதான் குளியலறைச் சுவருக்குள் வர முடிந்தது. வந்த பிறகும் எதிரி அதேதான், ஈரம்.

கணக்கைப் பாருங்கள். கண்ணாடி 5 மில்லிமீட்டர். டைல்ஸ் 7 அல்லது 8, அடியில் ஒட்டும் கலவை ஒரு 3 அல்லது 4. ஆக டைல்ஸின் முகம் சுவரிலிருந்து 10 மில்லிமீட்டராவது முன்னால் நிற்கும். கண்ணாடியை அப்படியே வைத்தால் உள்ளே குழியில் விழுந்துவிடும். அந்த வித்தியாசத்தை நிரப்பத்தான் பின்னால் சிமெண்ட் பலகையோ தண்ணீர் தாங்கும் பிளைவுட்டோ. ராபர் தெ கோத்தின் மரப் பலகை ஞாபகம் வருகிறதா? டைல்ஸை முதலில் ஒட்டி முடித்து, காலியாக விட்ட இடத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அப்புறம்தான் கண்ணாடியை வெட்டச் சொல்ல வேண்டும். அளவில் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது குறைக்க வேண்டும், அந்த இடைவெளியில்தான் சிலிக்கான் போகும். நாலடிக்கு மூன்றடிக் கண்ணாடி ஏறக்குறைய 14 கிலோ இருக்கும், பசையை மட்டும் நம்பாமல் அடி ஓரம் கீழ் வரிசை டைல்ஸின் மேல் உட்காரும்படி வைப்பது நல்லது. கொத்தனார் நேர்பார்ப்பது ரசமட்டத்தில். உள்ளே இருப்பது ரசம் இல்லை, வெறும் திரவமும் ஒரு குமிழியும். ஆனால் பெயரைப் பாருங்கள்!

இன்றைய கண்ணாடியின் முதுகில் வெள்ளி, அதைக் காக்க இன்னொரு படலம் (பல காலமாகத் தாமிரம்தான், இப்போது தாமிரம் இல்லாமலும் வருகிறது), அதன் மேல் வண்ணப்பூச்சு. வெட்டிய ஓரத்தில் மட்டும் இந்த அடுக்குகள் திறந்து கிடக்கும். ஈரம் அங்கேதான் நுழையும். என் விடுதிக் குளியலறைக் கண்ணாடியின் ஓரமெல்லாம் கரியாகி நடுவில் ஒரு சாண் மட்டும் முகம் தெரிவதற்குக் காரணம் அதுதான். இன்னொரு எதிரி, ஒட்டுபவர் கொண்டுவரும் சிலிக்கானே. மலிவு ரகம் காயும்போது புளிக்காடி வாசனை வரும், அது அசிட்டிக் அமிலம். வெள்ளியையும் தாமிரத்தையும் அது பின்னாலிருந்து அரிக்கும், ஆறு மாதத்தில் பசை வைத்த இடமெல்லாம் கறுப்புத் திட்டாக முன்னால் தெரியும். அதனால் வீட்டில் வேலை நடக்கும்போது குழாயைப் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாசனை அடித்தால் அது கண்ணாடிக்கு ஆகாது, அமிலம் இல்லாத, 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை வாங்கி வரச் சொல்லுங்கள்.